ஏலக்காய் தேறவில்லை, பாயசம் தேறியது!

சாப்பாட்டில் சாயமும் மருந்தும்: எதற்குப் பயப்படுவது? எதைக் கேட்பது?

லோயர் கேம்ப்பில் பொழுது விடிவதற்குள் ஜீப்புகள் வந்துவிடுகின்றன. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் வரும் ஜீப்புகள். உள்ளே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கையில் தூக்குவாளி. அதில் மத்தியானச் சோறு. லோயர் கேம்ப்பைத் தாண்டினால் மலை ஏற்றம். மேலே குமுளி. அதற்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள். அங்கே காய் எடுப்பதுதான் இவர்களின் வேலை.

கார்த்திகை பிறந்தால் இந்த மலை ரோட்டில் சபரிமலை வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். தரிசனம் முடித்துத் திரும்பும் பக்தர்களின் பையில் அரவணைப் பாயச டின் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் டின்னைத் திறந்து, அக்கம்பக்கத்தாருக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி கொடுப்பார்கள். நெய் மணமும் ஏலக்காய் மணமும் கூடத்தை நிறைக்கும்.

2023-ம் ஆண்டு ஜனவரியில் அந்த டின்னுக்கே ஒரு சோதனை வந்தது. அது கோவில் சங்கதி மட்டும் அல்ல. நம் வீட்டு அடுப்படிச் சங்கதியும்கூட.

என்ன நடந்தது?

அரவணை என்பது அரிசி, வெல்லம், நெய், சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சும் கெட்டிப் பாயசம். தயாரிப்பது திருவிதாங்கூர் தேவசம் போர்டு. அப்போது ஒரு டின் விலை 100 ரூபாய்.

இந்தப் பாயசத்துக்கு வாங்கிய ஏலக்காய் சரியில்லை என்று கேரள ஐகோர்ட்டில் வழக்கு வந்தது. வழக்குப் போட்டது ஒரு ஏலக்காய் வியாபாரக் கம்பெனி. கோர்ட்டு உத்தரவுப்படி ஏலக்காய் சோதனைக்குப் போனது. 14 வகைப் பூச்சிமருந்துகள் அனுமதித்த அளவுக்கு மேல் இருப்பதாக அறிக்கை வந்தது.

11.1.2023 அன்று கோர்ட்டு உத்தரவு போட்டது: அந்த ஏலக்காய் சேர்ந்த அரவணையை விற்கக் கூடாது.

மகரவிளக்குக்கு மூன்றே நாள் இருந்தது. சுமார் 6 லட்சத்து 65 ஆயிரம் டின்கள் அப்படியே முடங்கின. மறுநாள் முதல் ஏலக்காய் போடாமலே பாயசம் காய்ச்சி விற்றார்கள்.

பிறகு விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. இந்தத் தடவை ஏலக்காயை மட்டும் பார்க்கவில்லை. பாயசத்தையே சோதித்தார்கள். "சாப்பிடத் தகுந்தது" என்று முடிவு வந்தது. 2024 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு ஐகோர்ட்டின் உத்தரவை ரத்து செய்தது. போட்டி வியாபாரி ஒருவர் போட்ட மனுவை ஐகோர்ட்டு இப்படி எடுத்து விசாரித்திருக்கக் கூடாது என்றும் சொன்னது.

ஆனால் என்ன பயன்? அதற்குள் ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அந்தப் பழைய பாயசத்தை யாருக்கும் கொடுக்க முடியாது. டின்களை அழிக்கத்தான் டெண்டர் விட வேண்டியதாயிற்று. ஆறரைக் கோடி ரூபாய்ச் சரக்கு வீண்!

இது எப்படி?

ஏலக்காய் தேறவில்லை. அதே ஏலக்காய் போட்ட பாயசம் தேறிவிட்டது. இது எப்படி என்று யாருக்கும் சந்தேகம் வரும். விடை "அளவு" என்ற ஒரே சொல்லில் இருக்கிறது.

நம் வீட்டுக் கணக்கையே பார்ப்போம். ஒரு கிலோ பாயசத்துக்கு நாலைந்து ஏலக்காய் தட்டிப் போடுகிறோம். அது ஏறக்குறைய ஒரு கிராம். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏலக்காயில் இருக்கும் மருந்தும் பாயசத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

மருந்துக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவும் மிக மிகச் சிறியது. தனியாக ஓர் அளவு குறிப்பிடாத மருந்துகளுக்கு ஒரு கிலோவில் 0.01 மில்லிகிராம் என்பதே பொது விதியாக இருந்தது. இது எவ்வளவு? 100 டன் ஏலக்காயைக் குவித்து வைத்தால், அந்த மலைக்குள் ஒரே ஒரு கிராம் மருந்து! இந்தியாவில் பதிவு செய்யாத மருந்துகளின் மிச்சம் மசாலாப் பொருள்களில் தென்பட்டால், அதற்கு மட்டும் இந்த அளவை 2024 ஏப்ரலில் பத்து மடங்கு தளர்த்தினார்கள். அப்படியும் 10 டன்னில் ஒரு கிராம்தான்.

ஆகவே, அளவைத் தாண்டிவிட்டது என்றால், தின்றவுடன் விஷம் என்று அர்த்தம் இல்லை. தோட்டத்தில் விதிப்படி மருந்து அடிக்கவில்லை என்று அர்த்தம். அடிக்கக் கூடாத மருந்தை அடித்திருக்கலாம். அடிக்கக் கூடிய மருந்தையே அதிகமாக அடித்திருக்கலாம். அடித்துச் சில நாள் பொறுக்காமல் காயை எடுத்திருக்கலாம்.

"அப்படியானால் கவலையே வேண்டாமா?" என்று கேட்கலாம். கவலை வேண்டும். பாயசம் வருஷத்துக்கு நாலு நாள். ஆனால் அரிசி தினமும். காய்கறி தினமும். ஏலக்காய் டீயும் பல வீடுகளில் தினமும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்தால்? அந்த மொத்தக் கணக்குதான் முக்கியம். விஞ்ஞானிகளும் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஒருவர் ஆயுள் முழுவதும் தினமும் உட்கொண்டாலும் கெடுதல் செய்யாத அளவு எது என்று கணக்கிடுகிறார்கள். பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, கெடுதல் தெரியாத அளவைக் கண்டுபிடித்து, வழக்கமாக அதிலும் நூறில் ஒரு பங்கைத்தான் மனிதனுக்கு வைக்கிறார்கள். அந்த நூறு மடங்குப் பாதுகாப்புதான் நமக்கு வேலி. வேலியை ஒருவர் ஒரு நாள் தாண்டினால் பயிர் அழியாது. எல்லோரும் தினமும் தாண்டினால் வேலி எதற்கு?

மூன்றும் ஒன்றல்ல

சாப்பாட்டில் "ரசாயனம்" என்று கேட்டாலே நாம் பயப்படுகிறோம். அதில் மூன்று வகை உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதல் வகை, சட்டம் அனுமதித்த சேர்மானம். பிஸ்கட்டிலும் ஐஸ்கிரீமிலும் இனிப்பிலும் போடும் நிறம் இதில் சேர்ந்தது. நம் நாட்டில் எட்டுச் செயற்கை நிறங்களுக்கு மட்டும் அனுமதி. குறிப்பிட்ட பண்டங்களில் மட்டும் போடலாம். பெரும்பாலான பண்டங்களில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது.

இரண்டாவது வகை, எந்த உணவிலும் கூடாத சாயம். துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம் இது. இதில் "கொஞ்சம் போட்டால் பரவாயில்லை" என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

மூன்றாவது வகை, யாரும் வேண்டும் என்று சாப்பாட்டில் சேர்க்காதது. வயலில் அடித்த மருந்து காயில் தங்கிப்போவது. அரவணை வழக்கு இந்த வகை.

இரண்டாவது வகைக்கு உதாரணம் பஞ்சு மிட்டாய். 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியில் தடை போட்டார்கள். பிறகு 17.2.2024 அன்று தமிழகத்திலும் தடை வந்தது. சோதனையில் ரோடமைன்-பி என்ற சாயம் தெரிந்ததுதான் காரணம். திருவிழாவில் பிள்ளைகள் கை நீட்டிக் கேட்ட அந்த ரோஜா நிறம், துணிச் சாயத்தின் நிறம்!

மறு மாதம் கர்நாடகத்திலும் இதே பேச்சு. அங்கே நிறம் போட்ட பஞ்சு மிட்டாயோடு, செயற்கை நிறம் சேர்த்த கோபி மஞ்சூரியனுக்கும் தடை வந்தது.

சர்க்கரையை நூலாகச் சுற்றினால் அது வெள்ளையாகத்தான் இருக்கும். வெள்ளைப் பஞ்சு மிட்டாயும் அதே தித்திப்புதான். பிறகு ஏன் சாயம்? பிள்ளையின் கண்ணைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

பச்சைக்குத்தான் விலை

ஏலக்காயிலும் இதே கதை நடக்கிறது. கடையில் நாம் எப்படி வாங்குகிறோம்?

"அண்ணே, நல்ல பச்சைக் காயாப் பார்த்து 50 கிராம் குடுங்க."

"இந்தாங்கக்கா, முதல் தரம். நிறத்தைப் பாருங்க, உங்களுக்கே தெரியும்."

பேரம் முடிந்தது. முகர்ந்து பார்க்கவில்லை. ஒரு காயை உரித்தும் பார்க்கவில்லை.

இந்த இரண்டு வரிப் பேச்சுதான் மலைமேல் தோட்டம் வரைக்கும் போய் வேலை செய்கிறது. இந்தியாவில் ஏலக்காய் மிக அதிகமாக விளைவது இடுக்கி மாவட்டத்தில். அந்தக் காய் விலை போகும் இடங்கள் இரண்டு. ஒன்று இடுக்கியில் உள்ள புற்றடி. மற்றொன்று நம் போடிநாயக்கனூர். மசாலாப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இந்த இரண்டு ஊர்களிலும் நடக்கிறது. வியாபாரிகள் கையில் மாதிரிக் காய் வரும். பருமன் பார்ப்பார்கள். எடை பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நிறம் பார்ப்பார்கள். பச்சை மங்கினால் விலை மங்கும்.

ஏலச் செடிக்கு எதிரிகள் அதிகம். மர நிழலும் மழை ஈரமும் சேர்ந்த இடம் பூச்சிகளுக்கும் சுகம். இலைப்பேன் என்று ஒரு பூச்சி. கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். பிஞ்சின் தோலைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சும். காய் பெரிதாகும்போது அந்த இடம் சொரசொரப்பாகத் தழும்பு கட்டும். தழும்பு விழுந்த காய்க்கு விலை குறைவு. அதோடு தண்டையும் காயையும் துளைக்கும் புழு வேறு. அதனால் விவசாயி மருந்தை எடுக்கிறார். ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு பல தடவை. நம் நாட்டில் மிக அதிகமாகப் பூச்சிமருந்து வாங்கும் பயிர்களில் ஏலமும் ஒன்றாகிவிட்டது.

பறித்த காயின் பச்சையைக் காக்க நேர்மையான வழி உண்டு. சலவைச் சோடாவை நூற்றுக்கு இரண்டு பங்கு கரைத்த தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, பிறகு இளஞ்சூட்டில் நிதானமாக உலர்த்துவார்கள். இது பழைய முறை. வெயிலில் போட்டால் காய் வெளுத்துவிடும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் கையில் எடுப்பது பச்சைச் சாயம். மசாலாப் பொருள்களில் சாயம் சேர்க்கக் கூடாது. ஆனாலும் சாயம் பூசிய ஏலக்காய் அவ்வப்போது பிடிபடத்தான் செய்கிறது.

விவசாயியை மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. தழும்பு இல்லாத பச்சைக் காய்தான் வேண்டும் என்று நாம் பணம் கொடுக்கிறோம். அவர் அதைத் தருகிறார். கண்ணுக்கு விலை கொடுத்தால், கண்ணுக்குத்தான் சரக்கு வரும்.

முதல் அடி யாருக்கு?

டின்னில் இருந்த மருந்தைப் பற்றி இரண்டு கோர்ட்டுகள் பேசின. தோட்டத்தில் மருந்து அடிப்பவரையும் காய் எடுப்பவரையும் பற்றி யார் பேசினார்கள்?

பாயசம் சாப்பிடுகிறவருக்குக் கிலோவில் மில்லிகிராமுக்கும் குறைவாகப் போகிற அதே மருந்து, முதுகில் கலத்தைக் கட்டி அடிக்கிறவரின் மூக்கில் புகையாகப் போகிறது. ஈரம் காயாத செடிக்குள் குனிந்து காய் எடுக்கிற பெண்ணின் கையில் படுகிறது. அதே கையால் அவர் தூக்குவாளியைத் திறந்து மத்தியானச் சோறு சாப்பிடுகிறார். அதே சேலையோடு ஜீப்பில் ஏறி வீட்டுக்கு வருகிறார். பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்கிறது.

கேரளத்தின் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் மருந்தைப் பல ஆண்டுகள் ஆகாயத்திலிருந்து தெளித்தார்கள். அங்கே அவதிப்பட்டவர்கள் முந்திரிப் பருப்பை வாங்கித் தின்ற வெளியூர்க்காரர்கள் அல்ல. தோட்டத்தின் பக்கத்தில் குடியிருந்த ஜனங்கள். கடைசியில் 2011 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு நாடு முழுவதும் அந்த மருந்துக்குத் தடை போட்டது.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. சாப்பிடுகிறவரின் நலமும் தோட்டத்தில் பாடுபடுகிறவரின் நலமும் இரண்டு அல்ல. மருந்து அடித்தபின் இத்தனை நாள் தோட்டத்துக்குள் யாரும் போகக் கூடாது, இத்தனை நாள் காய் எடுக்கக் கூடாது என்ற விதியை ஒழுங்காக நடத்தினால், பெண்ணின் கையும் தப்பும், பாயசமும் தப்பும்.

சோதிப்பது யார்? எப்போது?

அரவணை விவகாரத்தில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி இதுதான். ஏலக்காயைக் கோர்ட்டு வரைக்கும் கொண்டுபோனது யார்? வாங்கிச் சாப்பிட்ட பக்தர் அல்ல. ஒரு போட்டி வியாபாரி. அவருக்கு வழக்கு இல்லை என்றால், அந்தச் சோதனையும் இல்லை. சோதனை வந்ததும் எப்போது? காயை வாங்கி, பொடித்து, பாயசம் காய்ச்சி, டின்னை மூடிய பிறகு!

2024 ஏப்ரலில் இன்னொரு சேதி வந்தது. இரண்டு பெரிய இந்தியக் கம்பெனிகளின் மசாலாவில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக ஹாங்காங் சொன்னது. அது கிருமியைக் கொல்லப் பயன்படுத்தும் வாயு. சிங்கப்பூரும் ஒரு மசாலாவைத் திரும்பப் பெறச் சொன்னது. எங்கள் சரக்கில் தோஷம் இல்லை என்றன கம்பெனிகள். அதன் பிறகுதான் நம் நாட்டிலும் கடை கடையாக மாதிரி எடுத்தார்கள். ஊரார் சொன்ன பிறகுதான் நம் வீட்டு அடுப்பங்கரையை நாம் எட்டிப் பார்க்கிறோம்!

நம்மிடம் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1954-ல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2006-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் செய்து, 2011 ஆகஸ்டு முதல் நடத்தி வருகிறார்கள். அந்தச் சட்டத்தின் 40-வது பிரிவு பலருக்குத் தெரியாது. பொருளை வாங்குகிற சாதாரண மனிதரே, கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பொருளில் தப்பு இருந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டில் சென்னை கிண்டி, சேலம், கோவை, தஞ்சாவூர், மதுரை, பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. தேனி மாவட்டத்துக்காரருக்கு மதுரை தூரமா?

ஆனால் ஆளுக்கு ஆள் மதுரைக்கு ஓட முடியாது. சோதனை மலையடிவாரத்திலேயே நடக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டத்துக் காயையும் ஏலத்துக்கு வருமுன் சோதிக்கட்டும். "நிறம் இப்படி, எடை இப்படி" என்று பார்ப்பதுபோல், "மருந்து இவ்வளவு" என்பதும் வியாபாரியின் கண்ணுக்குத் தெரியட்டும். அளவாக மருந்து அடித்த விவசாயிக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைக்கட்டும். அப்போது தழும்பு விழுந்த நல்ல காய்க்கும் மரியாதை வரும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

இப்போதைக்கு நம் கையில் இருப்பது இவை:

ஏலக்காயை நிறம் பார்த்து வாங்காதீர்கள். ஒரு காயை உரித்துப் பாருங்கள். விதை கருத்து, கொஞ்சம் பிசுபிசுப்பாக, மணம் தூக்கலாக இருந்தால் அது நல்ல காய். தோல் வெளுத்திருந்தாலும் பாதகம் இல்லை.

சந்தேகம் வந்தால் நாலு காயைத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். தண்ணீரில் பளிச்சென்று பச்சை இறங்கினால் சாயம் என்று சந்தேகிக்கலாம். தேயிலைத் தூளை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தூவிப் பாருங்கள். உடனே கறை பரவினால் அதிலும் சாயம் இருக்கலாம்.

பூச்சிமருந்தை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆய்வுக்கூடம்தான் வேண்டும். திராட்சை, கொத்தமல்லி, கறிவேப்பிலை போன்றவற்றை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவினால் மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி போகும். சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது.

பிள்ளைகளுக்கு வாங்கும் பண்டத்தில் கண்ணைப் பறிக்கும் நிறம் இருந்தால், வெள்ளை இருக்கிறதா என்று கேளுங்கள்.

பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் பழக்கம் வரும்.

இவை அனைத்தையும்விடப் பெரியது ஒன்று உண்டு. கடையில் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். "பச்சையாக இருக்கிறதா?" என்று கேட்பதை விட்டு, "சோதித்த சரக்கா?" என்று கேளுங்கள். முதல் நாள் கடைக்காரர் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார். மொத்த வியாபாரி ஏலத்தில் கேட்பார். ஏலத்தில் கேட்டால் தோட்டத்தில் கேட்கும்.

தோட்டத்தில் அது கேட்டுவிட்டால், லோயர் கேம்ப்பில் இருட்டோடு ஜீப் ஏறும் அந்தப் பெண்கள் மருந்து காயாத செடிக்குள் கை விட வேண்டியிராது. சாயங்காலம் அவர்கள் வீடு திரும்பும்போது, ஓடிவரும் பிள்ளையைப் பயம் இல்லாமல் தூக்கிக்கொள்ளலாம்.